வெள்ளி போச்சு, கண்ணாடி நின்னுச்சு: நம்ம சேலம், நாமக்கல் பக்கம் பிலிம் கேமரா டிஜிட்டலான கதை

1/
"டாக்டர், கேமரா வாங்கப் போறேன், எந்த லென்ஸ் நல்லது?"னு இன்பாக்ஸ்ல அடிக்கடி கேக்குறீங்க. ஒரு வரியில பதில் சொல்லிடலாம். ஆனா பிலிம்ல இருந்து டிஜிட்டலுக்கு வந்த வரலாறு தெரிஞ்சா, எந்த லென்ஸ்னு நீங்களே முடிவு பண்ணிடுவீங்க. அந்த வரலாற்றுல நம்ம சேலத்துக்கும் பெரிய பங்கு இருக்கு. நீளமான இழை, டீயோட உக்காருங்க.

2/
முதல்ல ஒரு அடிப்படை. நம்ம கண்ணுல முன்னாடி லென்ஸ், பின்னாடி விழித்திரை. கேமராவும் அதே மாதிரிதான். முன்னாடி ஒரு கண்ணாடி ஒளியைக் குவிக்குது, பின்னாடி ஒண்ணு அதைப் பதிவு பண்ணுது. பிலிம் போய் டிஜிட்டல் வந்தப்ப மாறினது விழித்திரை மட்டும்தான். லென்ஸ் அப்படியே இருக்கு. இதை மனசுல வச்சுக்கோங்க.

3/
பிலிம்ங்கிறது என்ன? ஒரு பிளாஸ்டிக் பட்டையில ஜெலட்டின் பூசி, அதுக்குள்ள வெள்ளி உப்புத் துகள்கள். ஒளி பட்ட துகள், டெவலப்பர்ல போட்டா கருப்பு வெள்ளித் தூளா மாறும். ஒளி படாத துகளைக் கரைச்சு எடுக்க 'ஹைப்போ'. ஆக, நெகட்டிவ்ல நீங்க பாக்குற கருப்பு எல்லாம் நிஜமான வெள்ளி. செவ்வாய்ப்பேட்டையிலயும் சிவதாபுரத்துலயும் கொலுசாகிற அதே வெள்ளிதான். 1990களின் கடைசியில உலகத்தோட வெள்ளித் தேவையில சுமார் நாலுல ஒரு பங்கு போட்டோ, எக்ஸ்ரே பிலிமுக்குப் போச்சு.

4/
டாக்டரா ஒரு குறுக்குத் தகவல். ஸ்டுடியோ இருட்டறையில இருந்த ஹைப்போவோட முழுப் பேர் சோடியம் தயோசல்பேட். அது சயனைடு விஷத்துக்கு மாற்று மருந்தும் கூட. நம்ம பக்கம் குச்சிக்கிழங்குத் தழையை ஆடு மாடு அதிகமா மேஞ்சு மயங்கி விழுந்தா, அதுவும் சயனைடு விஷம்தான். கால்நடை மருத்துவர் போடுற ஊசிகள்ல ஒண்ணு இதே தயோசல்பேட். (போட்டோ கடை ஹைப்போவை யாரும் வீட்டு வைத்தியமா முயற்சி பண்ணாதீங்க. மருந்துத் தரம் வேற.)

5/
இனி சேலம். திருச்செங்கோட்டுல பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ்ல நெசவுத் தொழில்நுட்பம் படிச்சுட்டு வந்தவர் டி.ஆர்.சுந்தரம். ஊருக்குத் திரும்பினவர் மில்லோட நிக்கல, சினிமாவுக்கு வந்துட்டார். 1930களின் நடுவுல சேலத்துல 'மாடர்ன் தியேட்டர்ஸ்' ஆரம்பிச்சார். ஏற்காடு மலை அடிவாரத்துல ஸ்டுடியோ, படப்பிடிப்புத் தளம், லேப் எல்லாம் ஒரே வளாகம். படம் எடுக்க மெட்ராஸ் போகணும்னு இருந்த காலத்துல இங்க இருந்து நூறு படத்துக்கும் மேல வெளிவந்துச்சு.

6/
1938-ல மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' தயாரானது நம்ம சேலத்துல. கேமரா ஒரு ஜெர்மன்காரர், போடோ குச்வாக்கர். 1940-ல 'உத்தம புத்திரன்', பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். இன்னைக்கு மொபைல் ஆப்லயே ஒரே ஆளை ரெண்டா காட்டிடலாம். அன்னைக்கு? லென்ஸுக்கு முன்னாடி பாதியை மறைச்சு ஒரு தடவை எடுக்கணும். பிலிமைப் பின்னாடி சுத்தி, மறு பாதியை மறைச்சு அதே பிலிம்ல இன்னொரு தடவை எடுக்கணும். நடுவுல கேமரா ஒரு நூல் நகர்ந்தாலும் போச்சு. கழுவிப் பாக்குற வரைக்கும் சரியா வந்துச்சான்னு யாருக்கும் தெரியாது.

7/
1956 பொங்கலுக்கு வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். அதுவும் மாடர்ன் தியேட்டர்ஸ்தான். பிலிம் கேவாகலர். வண்ண பிலிமுக்கு அப்போ ஒளி உணர்வு ரொம்பக் கம்மி, அதனால செட்டுல விளக்கு அதிகமா வேணும். எம்.ஜி.ஆரும் பானுமதியும் அந்த வெக்கையில நின்னு நடிச்சாங்கன்னு நினைச்சுக்கிட்டு படத்தை மறுபடி பாருங்க.

8/
இப்ப கொஞ்சம் கஷ்டமான விஷயம். 'பாலன்' படத்தோட ஒரு பிரதி கூட இன்னைக்கு இல்ல. சில ஸ்டில்களும் பாட்டுப் புத்தகமும்தான் மிச்சம். தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' (1931), இந்தியாவின் முதல் பேசும் படம் 'ஆலம் ஆரா' (1931), ரெண்டும் அப்படித்தான். அந்தக் கால நைட்ரேட் பிலிம் தானா மக்கும், சட்டுன்னு தீப்பிடிக்கும். அதுக்கு மேல, ஓடி முடிஞ்ச பிரதிகளை வெள்ளிக்காக எடைக்குப் போட்டதும் நாடு முழுக்க நடந்தது. வெள்ளி மீண்டுச்சு, படம் மீளல. மாடர்ன் தியேட்டர்ஸுக்கும் இன்னைக்கு ஏற்காடு ரோட்டுல நிக்கிற அந்த வளைவுதான் அடையாளம்.

9/
அந்த பிலிம் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. அதை மாத்தத்தான் மத்திய அரசு 1960-ல இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியைத் தொடங்குச்சு. தொழிற்சாலை ஊட்டியில, தூசி இல்லாத குளிர்ந்த காத்துக்காக. 1967-ல உற்பத்தி. பிராண்ட் பேர் 'இந்து', அதாவது நிலா. கருப்பு வெள்ளை ரோல், சினிமா பிலிம், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிம் எல்லாம் அங்க இருந்து வந்துச்சு. ஆனா வண்ண பிலிம் போட்டியில தாக்குப்பிடிக்க முடியாம 1990கள்லயே நலிந்த நிறுவனமா ஆயிடுச்சு. டிஜிட்டல் நம்ம ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே அது படுத்துடுச்சு.

10/
வீடுகளுக்கு வருவோம். பல குடும்பங்களின் முதல் கேமரா ஆக்ஃபா கிளிக் 3. 120 ரோல் பிலிம், மொத்தம் 12 படம். லென்ஸைக் கழட்ட முடியாது. ஸ்டுடியோக்காரங்க கையில ரெட்டை லென்ஸ் யாஷிகா, மேல இருந்து குனிஞ்சு பாக்குறது. அப்புறம் 35 மி.மீ. ரோல், 36 படம். கல்யாணத்துல "அண்ணா, இன்னொண்ணு எடுங்க"ன்னு சொன்னா போட்டோகிராபர் முகம் சுருங்கும். அது கஞ்சத்தனம் இல்லீங்க. ஒவ்வொரு கிளிக்குக்கும் பிலிம், கழுவுறது, பிரிண்ட்னு மூணு செலவு.

11/
எங்க தொழில்லயும் அதே கதை. எக்ஸ்ரே ரூம் பக்கத்துல ஒரு இருட்டறை, சிவப்பு விளக்கு, டெவலப்பர் தொட்டி, ஹைப்போ தொட்டி, அந்த வாடை. ஈரம் சொட்டச் சொட்ட கிளிப்புல தொங்குற பிலிமை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு எலும்பு முறிவு பாத்த தலைமுறை நாங்க. பழைய பிலிமையும் ஹைப்போ தண்ணியையும் வாங்கிட்டுப் போக ஆள் வருவாங்க. எதுக்குன்னு இப்ப உங்களுக்கே தெரியும். வெள்ளி!

12/
டிஜிட்டலோட விதை பழசு. ஒளியை மின்சாரமா மாத்துற சிசிடி சில்லு 1969-ல அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துல பிறந்துச்சு. அதைக் கண்டுபிடிச்ச பாயில், ஸ்மித் ரெண்டு பேருக்கும் 2009-ல நோபல். முதல் கையடக்க டிஜிட்டல் கேமராவை 1975-ல செஞ்சவர் ஸ்டீவன் சாசன். 0.01 மெகாபிக்சல், ஒரு படம் கேசட்ல பதிய 23 விநாடி. அவர் வேலை பாத்தது எங்க? கோடாக்ல! பிலிம் வித்து வாழ்ந்த அதே கம்பெனி. 2012 ஜனவரியில அந்த கோடாக் திவால் மனு போட்டுச்சு.

13/
1999-ல நிக்கான் டி1 வந்துச்சு, 2.7 மெகாபிக்சல், விலை பத்திரிகைக்காரங்களுக்கு மட்டும் கட்டுபடியாகும். 2003-ல கேனன் 300டி, அமெரிக்காவுல ஆயிரம் டாலருக்குள்ள. அங்க இருந்துதான் சாதாரண ஆளுக்கும் கதவு திறந்துச்சு. தமிழ் சினிமாவுல 2004-ல பி.சி.ஸ்ரீராமின் 'வானம் வசப்படும்', 2005-ல கமலின் 'மும்பை எக்ஸ்பிரஸ்' டிஜிட்டல்ல வந்துச்சு. அதுக்கப்புறம் நம்ம ஊர் கல்யாண மண்டபங்கள்லயும் ரோல் பிலிம் மெல்ல மெல்ல மறைஞ்சுது. 36 படத்துக்கு யோசிச்ச கை ஒரே முகூர்த்தத்துல ஆயிரக்கணக்குல எடுக்க ஆரம்பிச்சுது.

14/
இப்ப லென்ஸ். பிலிம் சட்டம் 36க்கு 24 மி.மீ. அதுக்கு 50 மி.மீ. லென்ஸ் போட்டா கண்ணால பாக்குற மாதிரி இயல்பா இருக்கும். பழைய கேமராக்கள் 50-ஓட வந்தது அதனாலதான். ஆனா விலை குறைஞ்ச டிஜிட்டல் கேமராக்கள்ல சென்சார் அதைவிடச் சின்னது. அதே 50 அங்க 75 மாதிரி நெருக்கமாத் தெரியும். "என் பழைய லென்ஸ்ல இப்ப பாதி குடும்பம்தான் விழுது"ன்னு அன்னைக்குப் புலம்பினவங்க நிறைய. லென்ஸ் மாறல, பின்னாடி இருக்கிற விழித்திரை சுருங்கிடுச்சு. சின்ன சென்சார்ல 50-ஓட வேலையை 35 செய்யும்.

15/
பழைய லென்ஸ் புதுக் கேமராவுல பொருந்துமா? நிக்கான் 1959-ல கொண்டுவந்த மவுண்ட், பென்டாக்ஸ் 1975-ல கொண்டுவந்த மவுண்ட், ரெண்டும் டிஜிட்டல் வரைக்கும் தொடர்ந்துச்சு. கேனன் 1987-ல பழைய மவுண்டைக் கைவிட்டு புதுசுக்கு மாறினதால பழைய லென்ஸ்கள் அம்போ. ஆனா 2008-க்கு அப்புறம் வந்த கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' கேமராவுல லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவுல தூரம் குறைவு. அந்த மிச்ச இடத்துல ஒரு அடாப்டர் வளையம் போட்டா தாத்தாவோட லென்ஸ் கூட உயிர் பெறும். சோவியத் ஜெனித் கேமராவோட வந்த ஹீலியோஸ் 58 மி.மீ. லென்ஸை இன்னைக்குப் பசங்க தேடி வாங்குறாங்க, பின்னணி சுழல்ற மாதிரி வரும்னு.

16/
லென்ஸ் தேர்வுல முக்கியமான கேள்வி தூரம். மொபைல் லென்ஸ் அகலமானது, அதனால முகம் பெருசா விழ ஒரு அடி பக்கத்துல போறோம். அப்போ கேமராவுக்குக் கிட்ட இருக்கிற மூக்கு பெருசாத் தெரியும். ஒரு அடி செல்ஃபியில மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாத் தெரியும்னு 2018-ல அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டு வெளியிட்டாங்க. 5 அடி தள்ளி நின்னா அந்தக் கோளாறு இல்ல. மூக்கு சர்ஜரி வேணும்னு வர்ற பிள்ளைங்களுக்கு நான் முதல்ல சொல்றது: "கண்ணு, 5 அடி தள்ளி நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு வா."

17/
எனக்குப் பிடிச்ச லென்ஸ் மூணு. ஒண்ணு, 50 மி.மீ. எஃப் 1.8. விலை கம்மி, எடை கம்மி, வீட்டு வெளிச்சம் போதும். ரெண்டு, 35. நாமக்கல் கோட்டைப் பாறையும் அடியில இருக்கிற ஊரும் ஒரே சட்டத்துல விழணும்னா இதுதான். மூணு, 100 மி.மீ. மேக்ரோ. புண்ணு ஆறுதா, மச்சம் வளருதான்னு வாராவாரம் ஒரே தூரத்துல, ஒரே அளவுல எடுத்து ஒப்பிட (நோயாளி சம்மதத்தோடதான்). முதல் தடவை வாங்குறவங்களுக்கு ஒண்ணு போதும்: சின்ன சென்சார்னா 35, பெரிய சென்சார்னா 50. பாடி அஞ்சாறு வருஷத்துல பழசாகும், நல்ல லென்ஸ் உங்க பிள்ளைக்கும் வரும்.

18/
வரணும்னா பூஞ்சை பிடிக்கக் கூடாது. தோல்ல படர்தாமரை மாதிரி லென்ஸ் பூச்சுலயும் பூஞ்சை வலை கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில தோல் பைக்குள்ள மூடி வச்சீங்கன்னா நிச்சயம். காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வைங்க. மாசம் ஒரு தடவையாவது வெளிய எடுத்துப் பயன்படுத்துங்க.

19/
கடைசியா, இந்த இழையை எழுதினதுக்கு முக்கியக் காரணம். டிஜிட்டல்ல படம் எடுக்குறது மலிவாச்சு, படம் நிலைக்கிறது மலிவாகல. போன் தொலைஞ்சா, ஹார்ட் டிஸ்க் போனா, மூணு வருஷக் குழந்தைப் பருவம் ஒரே நாள்ல காலி. நெகட்டிவ் அப்படி இல்ல. 50 வருஷம் கழிச்சும் வெளிச்சத்துல காட்டினா பாட்டி முகம் தெரியும், எந்தச் சாப்ட்வேரும் வேண்டாம். ஆனா அந்த நெகட்டிவ்கள் இப்ப குப்பைக்குப் போகுது. மூடுற ஸ்டுடியோக்கள்ல பெட்டி பெட்டியா எடைக்குப் போகுது. 'பாலன்' போன அதே வழி.

20/
இந்த ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க.
அ) பீரோவுல, பரண்ல நெகட்டிவ் கவர் இருக்கான்னு தேடுங்க.
ஆ) ஓரத்தை மட்டும் பிடிங்க. வினிகர் வாடை அடிச்சா அது கெட ஆரம்பிச்சிருக்கு, தனியா எடுத்து வச்சு முதல்ல அதைக் காப்பி பண்ணுங்க.
இ) டேப்லெட்ல வெள்ளைத் திரை வச்சு, அதுக்கு ஒரு விரல் அளவு மேல நெகட்டிவைப் பிடிச்சு மொபைல்ல படம் எடுங்க. நிறத்தைத் தலைகீழாக்க இலவச ஆப் இருக்கு.
ஈ) படத்துல யாரு, எந்த ஊரு, எந்த வருஷம்னு பெரியவங்ககிட்ட கேட்டு எழுதுங்க. இதுதான் அவசரம். நெகட்டிவ் இன்னும் 20 வருஷம் தாங்கும், பேர் சொல்றவங்க தாங்குவாங்களான்னு டாக்டரா என்னால உத்தரவாதம் தர முடியாது.
உ) ரெண்டு காப்பி, ரெண்டு வேற வேற இடம். முக்கியமான பத்தை பிரிண்ட் போடுங்க. ஒரிஜினலைத் தூக்கிப் போடாதீங்க.

மாடர்ன் தியேட்டர்ஸ்லயோ, பழைய சேலம், நாமக்கல், ராசிபுரம் ஸ்டுடியோக்கள்லயோ வேலை பாத்த பெரியவங்க உங்க வீட்டுல இருந்தா, அவங்க சொல்றதைக் கீழ எழுதுங்க. படிக்கக் காத்திருக்கேன்.