ஜோஷ் ஆலன்: கைவலு, துல்லியம், துணை ஆட்டக்காரர்கள் குறித்த விவாதம்

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் இளம் குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) தேறுவாரா என்று கணிப்பவர்கள் மூன்று கேள்விகளைச் சுற்றியே வருவார்கள். கையில் எவ்வளவு வலு, வீச்சில் எவ்வளவு துல்லியம், சுற்றி நிற்கும் ஆட்டக்காரர்கள் எப்படிப்பட்டவர்கள்? இம்மூன்றும் ஒரே ஆளை முன்னிட்டுக் காரசாரமாக மோதியது பஃபலோ பில்ஸ் அணியின் ஜோஷ் ஆலன் விஷயத்தில். 2018-இல் அவர் தேசியக் கால்பந்து லீக்கில் (என்.எஃப்.எல்.) நுழைந்தபோது எழுந்த வாதம், 2024 பருவத்தின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை அவர் வென்ற பிறகும் ஓயவில்லை. வேறு இளைஞர்களை எடைபோடும் இடமெல்லாம் அவர் பெயர் சாட்சிக்கு இழுக்கப்படுகிறது.

பின்னணி

ஆலன் 1996 மே 21 அன்று பிறந்தார். கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் ஃபயர்பா என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தார். பள்ளி முடித்தபோது பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அவரை அழைக்கவில்லை. ரீட்லி என்ற ஈராண்டுக் கல்லூரியில் ஒரு பருவம் ஆடிவிட்டு, நாடெங்கும் உள்ள பயிற்சியாளர்களுக்குத் தானே மின்னஞ்சல் அனுப்பி, கடைசியில் வயோமிங் பல்கலைக்கழகத்தில் இடம்பிடித்தார். அங்கே 2015-இல் காறை எலும்பு முறிந்து பருவமே போனது. 2016-இல் 28 டச்டவுன் (புள்ளி தரும்) பாஸ்களும் 15 இன்டர்செப்ஷன்களும் (எதிரணி பிடித்துக்கொண்டவை) வீசினார். நெப்ராஸ்காவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 5 பந்துகளை எதிரணியிடம் கொடுத்தார்.

வயோமிங்கில் அவருடைய மொத்தப் பாஸ் விழுக்காடு 56.2. அதாவது நூறு வீச்சில் ஏறத்தாழ 56 மட்டுமே தன் அணியினரின் கையில் சேர்ந்தன. கல்லூரியில் 60-ஐத் தொடாதவர் தொழில்முறை ஆட்டத்தில் தேறுவது அரிது என்பது தேர்வாளர்களிடையே ஏறக்குறைய ஒரு சட்டமாகவே இருந்தது. மறுபக்கம், 2018 டிராஃப்டுக்கு (அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முந்தைய உடல்திறன் சோதனையில் ஆலன் வீசிய பந்தின் வேகம் மணிக்கு 62 மைல், ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஆறடி ஐந்தங்குல உயரம் வேறு. பந்துவீச்சில் வேகம் பெரிதா, லைன் அண்ட் லெங்த் பெரிதா என்று கிரிக்கெட் ரசிகர்கள் மல்லுக்கட்டுவதைப் போலத்தான் இந்த வழக்கும்: வேகம் பிறவியில் வருவது, குறியைப் பழக்கிக்கொள்ளலாம் என்றது ஒரு கட்சி. இருபத்திரண்டு வயதுவரை வராத குறி இனி வராது என்றது மற்றொன்று.

எண் மறைப்பது

பாஸ் விழுக்காடு மிகக் கரடுமுரடான அளவுகோல். ஐந்து கஜத்தில் நிற்பவரிடம் தட்டிக்கொடுத்ததும் நாற்பது கஜம் பறக்கவிட்டதும் அதில் ஒன்றுதான். ரிசீவரின் (பாஸைப் பிடிக்க ஓடுபவரின்) கையில் பட்டு நழுவியதும், தடுப்பாளர்கள் பாய்ந்து வருவதைக் கண்டு வேண்டுமென்றே எல்லைக்கோட்டுக்கு வெளியே எறிந்ததும், வீசியவரின் தவறாகவே பதியப்படும். வயோமிங் அணி தொலைதூரப் பாஸ்களை நிறைய ஆடியது. 2016-க்குப் பிறகு ஓட்டக்காரர் பிரையன் ஹில், ரிசீவர் டானர் ஜென்ட்ரி, சென்டர் சேஸ் ருலியே எல்லாரும் போய்விட, 2017-இல் ஆலன் ஏறத்தாழப் புதிய அணியோடு ஆடினார். ஆதரவாளர்கள் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆனால் நல்ல துணை இருந்த 2016-இலும் விழுக்காடு 56.0-தான் என்பதை அவர்கள் எளிதாகக் கடந்துபோனார்கள்.

பாஸ் விழுக்காட்டின் இந்தக் குறையைச் சரிக்கட்டவே இப்போது ஆட்டக்காரர்களின் தோள்கவசத்திலும் பந்திலும் உள்ள சில்லுகளைக் கொண்டு, ரிசீவர் எவ்வளவு விலகி நின்றார், பந்து எவ்வளவு தூரம் போனது என்றெல்லாம் அளந்து, அந்தப் பாஸ் பிடிபடும் வாய்ப்பைக் கணக்கிடுகிறார்கள். எதிர்பார்த்ததைவிட எத்தனை விழுக்காடு கூடுதலாகப் பிடிபட்டது என்பதே துல்லியத்துக்கு ஓரளவு நெருங்கிய அளவு. அதுவும்கூட, ரிசீவர் ஓடிவரும் வேகத்தைக் குறைக்காமல் பந்து மார்புக்கு வந்ததா, குனிந்து பொறுக்கும்படி வந்ததா என்பதைச் சொல்லாது. அதற்கு ஆட்டப்பதிவைப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பஃபலோவும் முதல் பருவமும்

கைவலுவுக்குப் பஃபலோவில் தனி மதிப்பு உண்டு. அணியின் மைதானம் உள்ள ஆர்ச்சர்டு பார்க், ஈரி ஏரிக்கு அருகே இருக்கிறது. குளிர்காலத்தில் ஏரியிலிருந்து அடிக்கும் காற்று மெதுவாகச் செல்லும் பந்தை இழுத்துப் போட்டுவிடும். 2021 டிசம்பர் 6 அன்று அங்கே வந்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி, காற்றுக்கு அஞ்சி ஆட்டம் முழுவதும் மூன்றே பாஸ்கள் வீசி, ஓடியே 14-10 என்று வென்றது. அத்தகைய ஊருக்குக் கைவலு உள்ளவர் வேண்டும் என்ற வாதம் வெறும் பேச்சல்ல.

2018-இல் பில்ஸ் நிர்வாகம் கொடுத்த விலையைக் கவனிக்க வேண்டும். டிராஃப்டில் 21-ஆம் இடத்திலிருந்து 12-ஆம் இடத்துக்கு ஏறுவதற்காக இடது டேக்கிள் கார்டி கிளென்னை சின்சினாட்டிக்கு அனுப்பியது. அங்கிருந்து 7-ஆம் இடத்துக்குப் போக மேலும் இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளை டம்பா பேயிடம் கொடுத்தது. அதே ஆண்டில் சென்டர் எரிக் உட் கழுத்துக் காயத்தால் விலகினார். கார்டு ரிச்சி இன்காக்னிட்டோவும் போனார். குவார்ட்டர்பேக்கைக் காக்க வேண்டிய வரிசையில் ஒரு பகுதி, அவரை வாங்குவதற்கே செலவாகிவிட்டது. பின்னாளில் அவருடைய முதல் பருவ எண்களை மட்டும் காட்டித் தீர்ப்பு எழுதியவர்கள் இதை விட்டுவிட்டது நியாயமல்ல.

அந்த எண்கள்: 52.8 விழுக்காடு, 10 டச்டவுன், 12 இன்டர்செப்ஷன். ஓடி எடுத்தது 631 கஜம், 8 டச்டவுன். முதல் ஆட்டத்தில் நேதன் பீட்டர்மன் தொடங்கி, பால்டிமோரிடம் 47-3 என்று அணி நொறுங்க, பாதியில் ஆலன் இறக்கப்பட்டார்.

டிசம்பர் 2 அன்று மயாமியில் நடந்த ஆட்டத்தின் கடைசி முயற்சியை இந்த விவாதத்தின் முழுச் சுருக்கமாகச் சொல்லலாம். பில்ஸ் 21-17 என்று பின்தங்கியிருந்தது. நான்காவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு. தடுப்பாளர்களிடமிருந்து நழுவிப் பின்னுக்கு ஓடிய ஆலன், வேறு யாரும் எறியத் துணியாத தூரத்திலிருந்து பந்தை எண்ட் ஸோனுக்கு (டச்டவுன் எடுக்கும் எல்லைப் பகுதி) விட்டெறிந்தார். டைட் எண்ட் சார்லஸ் கிளே அங்கே தனியாக நின்றார். பந்து சற்றுக் குறைவாக வந்தது. கிளே முன்னால் பாய்ந்தும் பிடிக்க முடியவில்லை. கையின் வலு இல்லாவிட்டால் அந்த வீச்சே இல்லை. இரண்டடி தள்ளி விழுந்திருந்தால் வெற்றி. இன்னும் சுறுசுறுப்பான ரிசீவர் ஒருவேளை பிடித்திருப்பார். புள்ளிவிவரத்தில் அது தவறிய பாஸ் ஒன்று, அவ்வளவே.

2020-இன் திருப்பம்

2019-இல் சென்டர் மிட்ச் மோர்ஸ், ரிசீவர்கள் ஜான் பிரவுன், கோல் பீஸ்லி ஆகியோரை அணி சேர்த்தது. விழுக்காடு 58.8 ஆனது. 2020 மார்ச்சில் முதல் சுற்றுத் தேர்வு உள்ளிட்டவற்றைக் கொடுத்து மினசோட்டாவிலிருந்து ஸ்டெஃபான் டிக்ஸை வாங்கியது. அந்தப் பருவம் டிக்ஸ் பிடித்த 127 பாஸ்களும் எடுத்த 1,535 கஜங்களும் லீக்கிலேயே மிக அதிகம். ஆலனின் விழுக்காடு 69.2-க்குத் தாவியது, 37 டச்டவுன், 10 இன்டர்செப்ஷன். பில்ஸ் 1995-க்குப் பிறகு முதன்முறையாகத் தன் பிரிவை வென்றது.

இது யாரால் வந்தது? டிக்ஸால் என்றார்கள் சிலர். பயிற்சியாளர் ஜோர்டன் பால்மரிடம் கால் ஊன்றலையும் இடுப்புத் திருப்பத்தையும் மாற்றிக்கொண்டதால் என்றார்கள் சிலர். தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் பிரையன் டேபலின் கீழ் மூன்றாம் ஆண்டு, அதனால் ஆட்டத்திட்டம் கைவந்துவிட்டது என்ற விளக்கமும் உண்டு. கொரோனாக் காலத்தில் அரங்குகள் வெறிச்சோடிக் கிடந்ததால் கூச்சல் தொல்லை இல்லை என்றும் ஐயுற்றார்கள். எல்லாம் ஒரே ஆண்டில் நேர்ந்ததால் பிரித்துப் பங்கு போட முடியாது. அடுத்த இரண்டு பருவங்களிலும் விழுக்காடு 63.3-க்கு இறங்கியது. அது 69 அல்ல. ஆனால் 52-க்கும் திரும்பவில்லை. கற்றுக்கொண்டது நிலைத்துவிட்டது என்பதற்கு எனக்கு இதுவே போதும்.

2022 ஜனவரி 15 அன்று கொட்டும் குளிரில் பேட்ரியட்ஸை 47-17 என்று வீழ்த்திய ஆட்டத்தில் ஆலன் 25 பாஸ்களில் 21-ஐச் சேர்த்தார், 5 டச்டவுன். அவற்றில் முதலாவதை, டாசன் நாக்ஸ் எண்ட் ஸோனின் ஓரத்தில் எம்பிப் பிடித்ததை, உண்மையில் வெளியே எறிந்துவிடத்தான் நினைத்தேன் என்று ஆலனே பிறகு ஒப்புக்கொண்டார்.

துணை பற்றிய கேள்விக்கு ஓரளவு தெளிவான விடை 2024-இல் கிடைத்தது. டிக்ஸ் ஹூஸ்டனுக்குப் போய்விட்டார். அணியில் ஒரு ரிசீவர்கூட 1,000 கஜத்தைத் தொடவில்லை. கலீல் ஷகீரின் 821 கஜமே அதிகம். அப்படியும் 63.6 விழுக்காடு, 28 டச்டவுன், வெறும் 6 இன்டர்செப்ஷன், 13 வெற்றிகள், விருது.

மற்றவர்கள்

அதே 2018 டிராஃப்டில் 10-ஆம் இடத்தில் அரிசோனா எடுத்த ஜோஷ் ரோசன், வீச்சு நேர்த்திக்குப் பெயர் பெற்றவர். முதல் பருவத்தில் அவருடைய விழுக்காடு 55.2, ஆலனைவிட மேல். ஆனால் அந்த அணி 3 ஆட்டங்களே வென்று, தலைமைப் பயிற்சியாளரை ஓராண்டில் நீக்கி, அடுத்த டிராஃப்டில் குவார்ட்டர்பேக் கைலர் மரியை எடுத்து, ரோசனை மயாமிக்கு அனுப்பிவிட்டது. 3-ஆம் இடத்தில் எடுக்கப்பட்ட சாம் டார்னால்டு, நியூயார்க் ஜெட்ஸில் தடுமாறி, 2024-இல் மினசோட்டாவில் 35 டச்டவுன் வீசினார். அங்கே அவருக்குக் கிடைத்த ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சன், டிக்ஸுக்காக பில்ஸ் கொடுத்த அந்த முதல் சுற்றுத் தேர்வில் எடுக்கப்பட்டவர்.

ஆலனைப் பொது விதியாக்குவது ஆபத்து. 2007-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜமார்கஸ் ரசலுக்கும் அசாத்தியக் கைவலு இருந்தது. மூன்று பருவங்களில் ஓக்லண்டு அவரை விடுவித்தது. 2023-இல் இண்டியானாபோலிஸ் 4-ஆம் இடத்தில் எடுத்த ஆந்தனி ரிச்சர்ட்சனின் கல்லூரி விழுக்காடு 54.7. அவரைத் தேர்ந்ததை ஆதரித்தவர்கள் முதலில் சொன்ன பெயர் ஆலன்தான். 2024-இல் ரிச்சர்ட்சன் 47.7 விழுக்காடு எடுத்தார். 2025 பருவத்தை அந்த அணி டேனியல் ஜோன்ஸை வைத்துத் தொடங்கியது.