வளைகுடா சென்று மீண்டும் முன்பணத்துக்கு: திரும்பி வருவோரைப் பாராத சட்டம்

சேலம், நாமக்கல் சமவெளியில் நிலமற்ற அருந்ததியர், ஆதிதிராவிடர் குடும்பங்களின் இளைஞர்களுக்கு உள்ளூரில் எளிதில் கிடைப்பவை விசைத்தறி, கோழிப்பண்ணை, கட்டுமானக் கூலி ஆகியவையே. பள்ளிபாளையம், குமாரபாளையம் வட்டாரத் தறிக்கூடங்களில் முன்பணம் வாங்கியவர், அதைத் தீர்க்கும்வரை வேறு முதலாளியிடம் செல்ல முடிவதில்லை. அக்கட்டை அறுக்கும் வழியாகவே வளைகுடா வேலை பலருக்குத் தோன்றுகிறது.

புறப்பாட்டைச் சட்டம் ஓரளவு காக்கிறது. 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுபெறாத முகவர் ஆள் சேர்த்தால் இரண்டாண்டு வரை சிறை. பதிவுபெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே பெறலாம். பத்தாம் வகுப்புத் தேறாதவர் சவூதி, குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். துணைமுகவர்கள் இதைத் தவிர்க்கச் சுற்றுலா விசாவில் அனுப்புகின்றனர். அவ்வாறு செல்பவர், அனுமதியுடன் செல்வோருக்குக் கட்டாயமான 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டையும் இழக்கிறார்.

அங்கே விசா முதலாளியோடு பிணைக்கப்பட்டுள்ளது. வேலை மாற முதலாளியின் தடையின்மைச் சான்று வேண்டும் என்ற விதியைக் கத்தார் 2020இல் நீக்கியது. எனினும், முகவருக்காக ஊரில் வாங்கிய கடன் நிற்கும்வரை, கூலி குறைந்தாலும் வேலையை விட எவரும் துணிவதில்லை.

திரும்பி வருவோரின் மறுவாழ்வைப் பற்றி 1983ஆம் ஆண்டுச் சட்டம் பேசவில்லை. பல்லாண்டு சாரம் கட்டியவர், பற்றவைத்தவர் கையில் அனுபவச் சான்று இல்லையெனில், உள்ளூர்ப் பட்டறை அவரைப் பழைய கூலியாகவே எண்ணுகிறது. ஊர் அவரைத் தெருவின் பெயரால் அறிகிறது. தறி முதலாளி மட்டும் முன்பணத்தோடு காத்திருக்கிறார்.

அந்நிலையில் இருப்போர் அறிய வேண்டியவை:

1. முன்பணத்துக்காகக் கட்டுண்டு உழைப்பது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை. பிரிவு 6 அக்கடனையே அழித்துவிடுகிறது. மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ மனு அளிக்கலாம்.

2. பட்டியல் சாதியினர் அல்லாத ஒருவர் பட்டியல் சாதியினரை அவ்வாறு உழைக்கவைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பிரிவு 3(1)(எச்) கீழ்க் குற்றம்.

3. பயணத்துக்கு வாங்கிய கடனில் மீட்டர் வட்டி கேட்டால் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் பொருந்தும்.

4. ஒப்பந்தம், முகவரின் ரசீது, ஊதியம் வந்த வங்கிக் கணக்கு விவரம், அனுபவச் சான்று ஆகியவற்றைப் பத்திரப்படுத்துக. வழக்கு மன்றத்தில் நாங்கள் முதலில் தேடுவது இவற்றையே.

கேரளம் திரும்பி வருவோர் தொழில் தொடங்க, 15 விழுக்காடு மூலதன மானியத்துடன் நோர்க்கா வழியே தனிக் கடன் திட்டம் நடத்துகிறது. தமிழ்நாட்டின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் பட்டியல் சாதியினருக்கு 35 விழுக்காடு மானியம் தருகிறது. வெளிநாட்டில் பெற்ற கைத்திறனைச் சோதித்துச் சான்றளித்து, அத்திட்டத்தோடு இணைப்பதே அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கை. அது நிறைவேறாதவரை, விமானமேறிச் சென்றவரும் பழைய தறிக்கே திரும்ப நேரும்.