எலி சொன்ன "இல்லை"

என் அப்பப்பா ஒவ்வொரு இரவும் ஒரு சின்னக் குளிசை விழுங்குவார். "கொலஸ்ட்ரோலுக்கு" என்பார். அதன் பெயர் ஸ்டாட்டின். அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். பூஞ்சணத்திலிருந்து!

கண்டுபிடித்தவர் யப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ. 1960களில் அவர் நியூயோர்க்கில் ஆராய்ச்சி செய்தார். அங்கே இதய நோய் எவ்வளவு பெரிய பிரச்சினை என்று கண்டார்.

நம் ஈரல் கொலஸ்ட்ரோலைப் பல படிகளில் செய்கிறது. அதில் முக்கியமான ஒரு படியை ஒரு நொதியம் நடத்துகிறது. அதைத் தடுக்கும் பொருள் ஏதாவது பூஞ்சணத்தில் இருக்கலாம் என்று எண்டோ நினைத்தார். ஆனால் பூஞ்சணங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. எல்லாவற்றையும் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்க்க முடியுமா?

அதனால் 1971இல், டோக்கியோவில் சாங்கியோ நிறுவனத்தில், சோதனைக் குழாயில் ஒரு சோதனையை அமைத்தார். எலி ஈரலை அரைத்து எடுத்த சாற்றில் நொதியங்கள் இருக்கும். அதில் கதிரியக்க அடையாளம் இட்ட அசிட்டேட்டையும் பூஞ்சணச் சாற்றையும் விட்டார்கள். கொலஸ்ட்ரோல் போன்ற பொருள்களில் கதிரியக்கம் குறைந்தால், ஏதோ ஒன்று தடுக்கிறது என்று அர்த்தம்.

எந்தப் படியில் தடை? அதற்கு இரண்டாவது சோதனை. அந்த நொதியம் உண்டாக்கும் மெவலோனேட்டை நேரே கொடுத்தார்கள். இப்போது கொலஸ்ட்ரோல் வந்தால், தடை அதற்கு முன்னால்தான்.

ஏறக்குறைய 6000 பூஞ்சணங்களைச் சோதித்தார்கள். முதலில் கிடைத்த ஒரு பொருள் சிறுநீரகத்தைப் பாதித்தது. பிறகு 1973இல், கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் இருந்த பூஞ்சணத்திலிருந்து கொம்பாக்டின் கிடைத்தது.

ஆனால் உயிருள்ள எலிகளில் கொலஸ்ட்ரோல் குறையவே இல்லை. வேலை நின்றுவிடும்போல் இருந்தது. எண்டோ விடவில்லை. முட்டையில் கொலஸ்ட்ரோல் நிறைய உண்டு. அப்படியென்றால் கோழியில் பார்க்கலாமே! 1976இல் முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்தார்கள். நன்றாகக் குறைந்தது.

பிழை மருந்தில் இல்லை. மருந்து நொதியத்தைத் தடுத்ததும் எலியின் ஈரல் அந்த நொதியத்தை இன்னும் அதிகமாகச் செய்துவிடுகிறது.

கொம்பாக்டின் கடைக்கு வரவில்லை. அதே வகையைச் சேர்ந்த லோவாஸ்டாட்டின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எண்டோ 2024இல் காலமானார்.

பள்ளியில் உங்கள் பரிசோதனை சரிவராவிட்டால் உடனே கைவிடாதீர்கள். யாரிடம் கேட்டேன், என்ன கேட்டேன் என்று ஒருமுறை பாருங்கள். எலி "இல்லை" என்றதோடு எண்டோ நிறுத்தியிருந்தால், அப்பப்பாவின் குளிசை எப்போது வந்திருக்குமோ!