கூலிங் டவரும் கார் நிறுத்தும் தளமும்



2011 டிசம்பர் 30 விடியற்காலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியதை நெய்வேலிக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டவுன்ஷிப்பில் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பாகப் படுத்துவிட்டன. ஆனால் இரண்டாம் அனல்மின் நிலையத்தின் கூலிங் டவர்கள் அப்படியே நின்றன. டிராயிங் நோட்டில் இடுப்பு சிறுத்த பானை மாதிரி வரைவீர்களே, அவைதான். உயரத்தோடு ஒப்பிட்டால் அவற்றின் சுவர் முட்டை ஓடு.

இப்படிப்பட்ட கோபுரத்தைக் காற்று என்ன செய்யும் என்பதை உலகம் கற்றது இங்கிலாந்தில். 1965 நவம்பர் 1, ஃபெர்ரிபிரிட்ஜ் மின்நிலையம். இரண்டு வரிசையாக எட்டுக் கோபுரங்கள். சூறைக்காற்றில் ஒரே காலைப் பொழுதில் மூன்று இடிந்து விழுந்தன. விழுந்த மூன்றும் காற்றை நேராக வாங்கிய முன்வரிசை அல்ல, மறைவில் இருந்த பின்வரிசை! முன்வரிசையின் இடுக்குகளில் புகுந்த காற்று சுழன்று, விட்டுவிட்டு அடித்தது. வடிவமைத்தவர்களோ ஒரு நிமிடச் சராசரி வேகத்தை எடுத்திருந்தார்கள்; சில விநாடிகளே வரும் உதறல் அந்தச் சராசரியில் காணாமல் போயிருந்தது. அதன்பிறகு சுவருக்குள் கம்பி இரட்டை வரிசையானது. கோபுரங்களைக் கூட்டமாகவே மாதிரி செய்து காற்றுச் சுரங்கத்தில் சோதிக்கத் தொடங்கினார்கள். (நம்ம ஊர்ச் சுரங்கம் இல்லை, பெரிய விசிறி வைத்த நீளமான கூடம். சென்னை தரமணியில் எஸ்.இ.ஆர்.சி.யில் ஒன்று இருக்கிறது.)

ஊஞ்சல் பாடம் ஞாபகம் இருக்கிறதா? அதன் தாளத்தில் தள்ளினால் சின்னக் கை போதும். கட்டடத்துக்கும் சொந்தத் தாளம் உண்டு. பத்து மாடிக்கு ஓர் ஆட்டம் ஏறத்தாழ ஒரு விநாடி. பூமி ஆட்டினாலும் கணக்கு இதுதான்.

2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணிவாக்கில் புதுச்சேரிக் கடலுக்கடியில் 5.5 அளவில் நிலம் அதிர்ந்தபோது நாமும் வாசலுக்கு ஓடி வந்தோம். அதே ஆண்டு ஜனவரி 26 குஜராத் பூகம்பத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. புஜ்ஜிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில்கூட அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் பல, கார் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தில் சுவரில்லாமல் தூண்கள் மேல் நின்றவை. மேல்மாடிகள் செங்கல் சுவரால் விறைப்பாக இருக்க, ஆட்டம் முழுவதும் அந்த ஒரு தளத்துத் தூண்களின் தலையில் இறங்கியது.

நீங்கள் சென்னையில் வாங்குகிற வீடுகளும் பெரும்பாலும் அந்த அமைப்புதான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். 2002இல் திருத்திய ஐ.எஸ். 1893 விதி, சென்னையை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாவதற்கு மாற்றியது. அத்தகைய திறந்த தளத்தின் தூண்களை இரண்டரை மடங்கு விசைக்கு வடிவமைக்க வேண்டும், இல்லையென்றால் இடையே கான்கிரீட் சுவர் வேண்டும் என்றும் சொன்னது. மாடுலர் கிச்சன் பற்றி பில்டரிடம் நூறு கேள்வி கேட்கிறீர்கள். கீழ்த்தளத்தில் கான்கிரீட் சுவர் எங்கே, அமைப்பு வரைபடத்தில் கையெழுத்திட்ட பொறியாளர் யார் என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அடக்குவதற்கு வேறு வழிகளும் உண்டு. தைவானின் தைபே 101இல் 660 டன் எஃகுக் குண்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கட்டடம் ஒரு பக்கம் சாய்ந்தால் குண்டு எதிர்ப்பக்கம் இழுக்கும். புஜ்ஜில் இடிந்த மருத்துவமனையை மீண்டும் கட்டியபோது அடியில் ரப்பர் தாங்கிகள் வைத்தார்கள். 2004இல் திறந்தார்கள். ரப்பருக்கு நடுவே ஈயத்தண்டு. 1970களில் நியூசிலாந்தின் பில் ராபின்சன் கண்டுபிடித்த முறை: நிலம் ஆடும்போது ரப்பர் வளைந்து கொடுக்கும், ஈயம் நசுங்கி நசுங்கி அந்த ஆற்றலை வெப்பமாக்கிவிடும். இப்படிக் கட்டினால் கட்டடம் நகர்வதற்குச் சுற்றிலும் இடைவெளி விட வேண்டும். நம் ஆட்கள் அதில் பழைய கட்டிலைப் போட்டு அடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை!