அழுக்கு மாடும் பதினோரு வருடக் கோப்பும்

கணினி என்றாலே “அது பிள்ளைகள் சமாசாரம்” என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் நம் வயதில் அதிகம். ஆனால் அவர்களுக்கும் நன்றாகப் புரியக்கூடிய கதை ஒன்று கணினி வரலாற்றில் இருக்கிறது. அதன் பெயர் ‘டர்ட்டி கௌ’, அதாவது அழுக்கு மாடு. மாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது மூலத்தையும் நகலையும் பற்றிய கதை. அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே புரியும்.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தை 1991இல் எழுதத் தொடங்கியவர் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ். இணையத்தைத் தாங்கி நிற்கும் ஏராளமான சர்வர்களும், நம் கையில் உள்ள ஆண்ட்ராய்டு போன்களும் இன்று அதன் மேல்தான் ஓடுகின்றன. அதன் உள்மையத்துக்குக் கெர்னல் என்று பெயர். நினைவகத்தை யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவதும், யார் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று காவல் காப்பதும் கெர்னலின் வேலை.

நினைவகம் பெரும்பாலும் 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரே ஆவணத்தைப் பத்து நிரல்கள் படித்தால் பத்து நகல் எடுப்பது வீண். எல்லோரும் ஒன்றையே பார்க்கலாம். யாராவது எழுத வந்தால் மட்டும் கெர்னல் அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்து, “இதில் எழுதிக்கொள்” என்று கொடுக்கும். ரெக்கார்டு ரூமில் உள்ள மூலத்தின் மேல் பேனா படாது. இந்த முறைக்குக் ‘காப்பி ஆன் ரைட்’ என்று பெயர். அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘கௌ’ வரும். எழுதப்பட்ட பக்கத்தை அழுக்கான பக்கம் என்பது அவர்கள் வழக்கம். அப்படித்தான் அழுக்கு மாடு பிறந்தது.

பிழை இதுதான். நகல் எடுப்பது ஒரு வேலை, அதில் எழுதுவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் நடுவே இமைப்பொழுதிலும் சிறிய இடைவெளி உண்டு. அந்த நேரம் பார்த்து அதே நிரலின் இன்னொரு கை, “அந்த நகல் எனக்கு வேண்டாம், கிழித்துப் போடு” என்று சொல்லிவிட்டால்? கெர்னல் நகலைக் கிழித்துவிடும். ஆனால் “நகல்தான் கொடுத்தாயிற்றே” என்ற நினைப்பில் அடுத்த படிக்குப் போய், மூலத்திலேயே எழுதிவிடும். லட்சம் தடவை முயன்றால் ஒரு தடவையாவது இது பலிக்கும். படிக்க மட்டும் அனுமதி பெற்ற சாதாரண ஆள், கடவுச்சொல் கோப்பு போன்றவற்றைத் திருத்தி, முழு நிர்வாகி ஆகிவிடலாம்.

இந்தப் பந்தயத்தை டோர்வால்ட்ஸ் 2005லேயே பார்த்துவிட்டார் என்பதுதான் விசேஷம். அப்போதே ஒரு திருத்தமும் எழுதினார். ஆனால் ஐபிஎம்மின் எஸ்390 வகைப் பெரிய கணினிகளில் அது சிக்கல் கொடுத்தது. பக்கம் அழுக்கானதா என்ற குறிப்பை அந்த இயந்திரங்கள் வேறு விதமாக வைத்திருந்தன. எனவே திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. அது ஏட்டளவிலான ஆபத்தாகத்தான் அன்று தோன்றியது. கோப்பு அப்படியே கிடந்தது.

2007இல் வந்த 2.6.22 பதிப்பு முதல் ஒன்பது ஆண்டுகள் இந்த ஓட்டை எல்லாப் பதிப்புகளிலும் இருந்தது. இதற்கிடையே எஸ்390இன் தடை 2013இல் வந்த 3.9 பதிப்பிலேயே நீங்கிவிட்டது. ஆனாலும் பழைய கோப்பை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. கெர்னலின் நினைவக நிர்வாகமும் வளர்ந்து, ஏட்டளவில் இருந்த ஆபத்து எளிதில் நடக்கக்கூடியதாக மாறியது.

2016இல் ஃபில் ஓஸ்டர் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். தம் சர்வருக்கு வரும் இணையப் போக்குவரத்தை எல்லாம் அவர் பதிவு செய்து வைப்பவர். நம் இன்வர்டு ரெஜிஸ்டர் மாதிரி. சர்வருக்குள் யாரோ புகுந்தபோது, அந்தப் பதிவுகளில்தான் தாக்குதலுக்கான நிரல் அகப்பட்டது. அதாவது நல்லவர்களுக்குத் தெரியும் முன்பே தீயவர்கள் இதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அந்த அக்டோபரில் திருத்தம் வெளியானது. 2005இல் தாம் செய்த முயற்சி சரியாக அமையாததையும், அது திரும்பப் பெறப்பட்ட காரணத்தையும் டோர்வால்ட்ஸ் திருத்தத்தின் குறிப்பிலேயே எழுதி வைத்தார். இந்த வரலாறு நமக்குத் தெரிவதே அந்தக் குறிப்பால்தான்.

அத்தோடும் முடியவில்லை. 2017 செப்டம்பரில், இதே ஓட்டை வழியாக ஆண்ட்ராய்டு போன்களில் புகும் தீநிரல் ஒன்றைப் பற்றி ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் அறிவித்தது. 40க்கும் மேற்பட்ட நாடுகளில் அது தென்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தார்கள். திருத்தம் வெளியாகி ஏறக்குறைய ஓராண்டு ஆகியும் பல போன்களுக்கு அது போய்ச் சேரவில்லை. அதே நவம்பரில், 2016ஆம் ஆண்டுத் திருத்தமே பெரிய அளவுப் பக்கங்களை முழுதாகக் காக்கவில்லை என்பதும் தெரியவந்து, மறுபடி ஒரு திருத்தம் போட்டார்கள்.

கோப்பை ஒத்திவைத்தது தவறில்லை, அதற்குக் காரணம் இருந்தது. காரணம் நீங்கிய பிறகு அதைத் திரும்ப எடுக்க யாரும் பொறுப்பில் இல்லை. சேதம் அங்கேதான் வந்தது. எத்தனையோ பேருடைய பென்ஷன் கோப்பும் பட்டா கோப்பும் இப்படித்தான் கிடந்திருக்கின்றன, நமக்குத் தெரியாதா என்ன!

உங்கள் போன் “அப்டேட் வந்திருக்கிறது” என்று சொன்னால், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். யாரோ பழைய கோப்பு ஒன்றை எடுத்து முடித்து அனுப்பியிருக்கிறார்கள். வாங்கி வைத்துக்கொள்வது நம் வேலை.