கல்மரத்துக்கு மெருகு போடுவது: ஒரு சின்ன வரலாறு

கல்மரம் சேகரிப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. கிடைத்த துண்டை மண்ணைத் துடைத்து அப்படியே அலமாரியில் வைப்பவர்கள் ஒரு கட்சி. உருளையில் போட்டு மெருகேற்றிக் கண்ணாடி மாதிரி ஆக்கினால்தான் திருப்தி என்பவர்கள் இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. இந்த ஆசைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது ஒரு காட்டையே கிட்டத்தட்ட அரைத்துத் தின்னப் பார்த்த வரலாறு. என்னைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது என்பதால் இந்தக் குறிப்பு.

முதலில் அடிப்படை. சுமார் 22 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், இன்றைய அமெரிக்காவின் அரிசோனா இருக்கும் இடத்தில் பெரிய ஆறுகள் ஓடின. சாய்ந்த மரங்களை வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து வண்டலில் புதைத்தது. காற்று படாததால் மரம் சீக்கிரம் மக்கவில்லை. வண்டலில் கலந்திருந்த எரிமலைச் சாம்பலில் இருந்து கரைந்த சிலிக்கா, நிலத்தடி நீர் வழியாக மரத்துக்குள் போய், கொஞ்சம் கொஞ்சமாகக் குவார்ட்ஸாகப் படிந்தது. மரம் போய்விட்டது, மரத்தின் உருவம் நின்றுவிட்டது. சிவப்பும் மஞ்சளும் இரும்பு தந்த நிறங்கள். கருப்புக்குப் பெரும்பாலும் மாங்கனீசு காரணம்.

குவார்ட்ஸ் என்பதால் மோஸ் அளவில் கடினம் 7. சாதாரண எஃகுக் கத்தியால் கீற முடியாது. அதனால்தான் மெருகு இவ்வளவு நன்றாக ஏறுகிறது, அதனால்தான் இவ்வளவு நாளும் ஆகிறது. வீட்டில் நான் செய்வது நாலு கட்டம். ரப்பர் உருளையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கல், கல்லின் தலை லேசாகத் தெரியும்வரை தண்ணீர், கூடவே சிலிக்கான் கார்பைடு தூள். முதலில் 60/90 பருமன், அப்புறம் 120/220, அப்புறம் 500, கடைசியில் அலுமினியம் ஆக்சைடு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு வாரம், இரவு பகலாக ஓடும். ஒரு கட்டத்தில் இருந்து அடுத்ததுக்குப் போகும்போது உருளையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பழைய தூளில் ஒரு மணி மிச்சமிருந்தாலும் மெருகில் கீறல் விழும். கழுவிய சேற்றை சிங்க்கில் ஊற்றிடாதீங்க, குழாய்க்குள்ளே போய் சிமெண்ட் மாதிரி இறுகிடும்.

வெளியே எடுத்த கல்லைத் தராசில் வைத்தால் எடை குறைந்திருப்பது தெரியும். அந்தச் சேறுதான் கல்லின் மேல்தோல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்ப வர வேண்டியிருக்கிறது.

ராணுவம் தூக்கிய இரண்டு மரங்கள்

அந்தப் பகுதியில் வாழ்ந்த பழங்குடிகளுக்கு இந்த மரங்கள் புதியவை அல்ல. ஏழு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னால் புவெப்லோ மக்கள் கல்மரத் துண்டுகளையே செங்கல் போல அடுக்கி வீடு கட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்று 'அகேட் ஹவுஸ்' என்ற பெயரில், 1930-களில் சீரமைக்கப்பட்டு இன்றும் நிற்கிறது. நவாஹோ மக்கள் இவற்றைத் தங்கள் முன்னோர் கொன்ற ஓர் அரக்கனின் எலும்புகள் என்றார்கள்.

1853-இல் ரயில் பாதைக்கு வழி தேடிப்போன லெப்டினன்ட் விப்பிள் குழு, அங்கிருந்த ஓடை ஒன்றுக்குக் 'கல்மர ஓடை' என்று பொருள்படும் லித்தோடெண்ட்ரான் என்ற பெயரை வைத்தது. 1878-இல் ஜெனரல் ஷெர்மன், அதாவது உள்நாட்டுப் போர் புகழ் ஷெர்மன், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு இரண்டு மரங்கள் வேண்டும் என்று கேட்டார். அடுத்த ஆண்டு லெப்டினன்ட் ஹெகெவால்ட் ஆட்களோடு போய் எடுத்து அனுப்பினார்.

மெருகு, ரயில், ஆலை

1880-களின் தொடக்கத்தில் அந்தப் பக்கம் ரயில் வந்தது. கல்லின் எடைதான் அதுவரை அதற்குக் காவல். ரயில் அந்தக் காவலை எடுத்துவிட்டது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், தெற்கு டகோடாவின் சூ ஃபால்ஸ் ஊரில் இருந்த மெருகுப் பட்டறைக்கு மரங்கள் போயின. மேசைப் பலகை, அலங்காரத் தூண், மேசைமேல் வைக்கும் சின்னப் பொருள்கள் எல்லாம் செய்தார்கள். டிஃபனி நிறுவனத்தின் ரத்தின நிபுணர் ஜார்ஜ் குன்ஸ், வட அமெரிக்க ரத்தினங்கள் பற்றி 1890-இல் வெளியிட்ட நூலில் இந்தக் கல்மரத்துக்கும் இடம் கொடுத்தார். உள்ளே செவ்வந்திக் கல் இருக்கும் என்று மரங்களுக்கு வெடி வைத்துப் பிளந்தவர்களும் உண்டு.

இதைவிட எனக்கு ஆச்சரியமான சங்கதி அடமானா ரயில் நிலையத்தில் நடந்தது. 1890-களில் அங்கே ஒரு நொறுக்கு ஆலையை நிறுவினார்கள். எதற்கு? கல்மரத்தை உடைத்துத் தூளாக்கி, தேய்ப்புத் தூளாக விற்க! மெருகு போட வேண்டிய கல்லையே மெருகுத் தூளாக்கும் திட்டம். நல்ல வேளை, அது பெரிய அளவில் ஓடவில்லை.

அதே பத்தாண்டில்தான், 1891-இல், எட்வர்ட் அச்சிசன் மின் உலையில் சிலிக்கான் கார்பைடைக் கண்டுபிடித்து 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். இன்று என் உருளையில் ஓடுவது அதே தூள்தான். மணலில் இருந்து சிலிக்கான், கரியில் இருந்து கார்பன். மரத்தின் கரி போய் சிலிக்கா வந்து உட்கார்ந்ததுதானே கல்மரம்? அதைத் தேய்க்க நாம் பயன்படுத்துவது சிலிக்கானும் கரியும் ஒட்டிய பொருள். இயற்கையோட வேடிக்கைன்னுதான் சொல்லணும்.

ஆலை வந்ததும் உள்ளூர்க்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். 1895-இல் அரிசோனா பிரதேச சட்டமன்றம், இந்தக் காட்டைப் பாதுகாக்கச் சொல்லி காங்கிரசுக்கு மனு அனுப்பியது. 1899-இல் லெஸ்டர் வார்டு என்ற தாவரவியலாளர் நேரில் போய் ஆராய்ந்து பாதுகாப்பைப் பரிந்துரைத்தார். 1906 டிசம்பர் 8 அன்று தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். 1962-இல் அது தேசியப் பூங்கா ஆனது.

அதே 1962-இல் இன்னொரு சட்டமும் வந்தது. பூங்காவுக்கு வெளியே, மத்திய அரசின் பொது நிலங்களில், சொந்த உபயோகத்துக்காகக் கல்மரம் பொறுக்க அனுமதி. அதையொட்டிய விதிப்படி ஒருவர் ஒரு நாளைக்கு 25 பவுண்டும் ஒரு துண்டும் எடுக்கலாம். ஆண்டுக்கு 250 பவுண்டுக்கு மேல் கூடாது. விற்கக் கூடாது. பூங்காவுக்குள்ளே ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. பொழுதுபோக்கை முழுக்கத் தடை செய்யாமல், தராசை வைத்துக் கோடு போட்டிருக்கிறார்கள். என்னிடம் இருப்பவை வேலை விஷயமாக அங்கே இருந்தபோது ஹோல்ப்ரூக் ஊர்க் கடையில் வாங்கியவை. தனியார் நிலத்தில் எடுத்தது என்று ரசீதில் எழுதிக் கொடுத்தார்கள்.

முகவரி இல்லாத கல்

சரி, ஏன் எடுக்கக் கூடாது? கோடிக்கணக்கான துண்டுகள் கிடக்கும் இடத்தில் ஒன்று குறைந்தால் என்ன?

ஷெர்மன் கேட்ட இரண்டு மரங்களுக்கு வருவோம். 1889-இல் நோல்டன் என்பவர் அவற்றையும் உள்ளிட்ட மாதிரிகளை ஆராய்ந்து, அராக்கரியாக்சிலான் அரிசோனிகம் என்று அறிவியல் பெயர் வைத்தார். நூறு வருடத்துக்கும் மேலாக அரிசோனா கல்மரம் என்றாலே அந்தப் பெயர்தான். 2007-இல் சாவிட்ஜ் என்ற ஆய்வாளர் அதே பழைய மாதிரிகளைத் திரும்ப எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். அவை ஒரே வகை மரமே இல்லை என்று எழுதினார். 118 வருடம் கழித்து ஒரு முடிவை மறுபரிசீலனை செய்ய முடிந்ததற்குக் காரணம், அந்தக் கற்கள் சீட்டோடு இருந்தன. எங்கே எடுத்தது, யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று பதிவு இருந்தது.

இதற்கு நேர் எதிர் அதே பூங்காவில் இருக்கிறது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவர்கள் பலர் பிற்பாடு மனசு உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு கல்லைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். கல்லை எடுத்ததில் இருந்து துரதிர்ஷ்டம் துரத்துகிறது என்று எழுதியவர்களும் உண்டு. அந்தக் கற்களைப் பழைய இடத்தில் வைக்க முடியாது. எந்த இடம் என்று யாருக்கும் தெரியாதே! கண்ட இடத்தில் போட்டால் ஆராய்ச்சியைக் குழப்பும். அதனால் தனியாக ஒரு குவியலாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். 'மனசாட்சிக் குவியல்' என்றே அதற்குப் பெயர்.

எங்கள் மென்பொருள் தொழிலில் மெட்டாடேட்டா என்போம். தரவு எங்கிருந்து வந்தது என்ற விவரம் தொலைந்தால், தரவு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. குவியலில் கிடப்பது அந்த மாதிரித் தரவு. மெருகு போட்ட கல்லில் இழப்பு இன்னும் ஒரு படி அதிகம். இடமும் போச்சு, மேல்தோலும் சேறாகப் போச்சு.

இதனால் நான் உருளையை நிறுத்திவிடவில்லை. கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால்தான் பலருக்கு இதில் ஆர்வமே வருகிறது, எனக்கும் அப்படித்தான். ஆனால் மூன்று விதி வைத்திருக்கிறேன். மூலம் தெரியாத கல்லை வாங்குவதில்லை. உருளைக்குப் போகும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து எண் போடுவது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு துண்டையாவது மெருகு போடாமல் சீட்டோடு வைப்பது.

நம்ம ஊரிலும் கல்மரம் உண்டு என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கிடப்பவை சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையானவை. ஜான் வாரன் அவற்றைப் பற்றி 1810-லேயே ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ் இதழில் கட்டுரை எழுதிவிட்டார். அவை வக்கிராசுரனின் எலும்புகள் என்று ஊரில் கதை உண்டு. கடல் தாண்டி, நவாஹோ மக்கள் சொன்ன அதே அரக்கன் எலும்பு! இன்று அது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருக்கும் தேசியக் கல்மரப் பூங்கா. வக்கிரகாளியைக் கும்பிடப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாங்க. தொட்டுப் பாருங்க, படம் எடுங்க. கல் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். அதோட முகவரி அந்த மண்தான்.