கடல்பாசி டீ குடிச்சா தைராய்டு சரியாகுமா? ஒரு கப்பில் என்ன இருக்கு?

'காலையில் ஒரு கப் கடல்பாசி டீ போதும், தைராய்டு ஓடிடும், எடை குறையும், முடி வளரும்'... இப்படி ஒரு ரீல்ஸ் உங்கள் மொபைலுக்கும் வந்திருக்கலாம். இயற்கைப் பொருள்தானே, குடிச்சா என்ன என்று ஆர்டர் போடும் முன் இதைக் கொஞ்சம் படிங்க.

எல்லா கடல்பாசியும் ஒண்ணா?

இல்லை. நம்ம ஊரில் 'கடல்பாசி' என்றால் ரமலான் மாதத்தில் பால் ஊற்றிக் காய்ச்சி, ஆறவைத்து, துண்டு போடும் அகர் அகர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது சிவப்புப் பாசி இனங்களிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பொருள். மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் கஞ்சிப்பாசியும் இந்த வகைதான்.

டீயாகக் குடிப்பது பெரும்பாலும் வேறு. ஜப்பானில் 'கொம்பு' எனப்படும் பழுப்புப் பாசியைக் காயவைத்துப் பொடியாக்கி, உப்பு சேர்த்து, வெந்நீரில் கலக்கிக் குடிப்பார்கள். அதுதான் கொம்பு டீ. கடைகளில் பாட்டிலில் வரும் 'கொம்புச்சா' வேறு. அது தேயிலையையும் சர்க்கரையையும் புளிக்கவைத்துச் செய்வது, அதில் பாசியே கிடையாது.

மருந்து என்ற பெயர் எப்படி வந்தது?

அதற்கு நிஜமான காரணம் உண்டு. 1811-ல் பிரான்சின் பெர்னார்ட் கூர்ட்வா, கடல்பாசியை எரித்த சாம்பலில் இருந்துதான் அயோடினைக் கண்டுபிடித்தார். 1820-ல் ஜெனிவா மருத்துவர் குவாந்தே, கழுத்துக் கழலை வந்தவர்களுக்கு அயோடின் கொடுத்தார். வீக்கம் குறைந்தது. ஆனால் அளவு கூடியபோது சிலருக்குப் பக்கவிளைவும் வந்தது. அன்று தொடங்கிய அந்த அளவுப் பிரச்னைதான் இன்றைக்கும் தொடர்கிறது.

எவ்வளவு அயோடின் தேவை?

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250 மைக்ரோகிராம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அயோடின் கலந்த உப்பு, பால், முட்டை, மீன் என்று சாப்பிடும் பலருக்கு இது உணவிலேயே கிடைத்துவிடுகிறது.

ஆனால் உலர்ந்த கொம்பு ஒரே ஒரு கிராமில் 2,000 மைக்ரோகிராமுக்கு மேல் அயோடின் இருக்கலாம். பெரியவர்களுக்கு அமெரிக்கா வைத்திருக்கும் உச்ச வரம்பே 1,100 மைக்ரோகிராம்தான். சூஷியில் சுற்றித் தரும் நோரி பாசியில் அயோடின் இதைவிடப் பல மடங்கு குறைவு.

டீயில் என்ன சிக்கல்?

கொம்புவில் உள்ள அயோடின் தண்ணீரில் எளிதாகக் கரையும். கொதிக்கவைத்தால் பெரும்பகுதி தண்ணீருக்கு இறங்கிவிடும். சமையலில் அந்தத் தண்ணீரைக் கொட்டினால் அயோடினும் போய்விடும். டீ என்றால் நாம் குடிப்பதே அந்தத் தண்ணீரைத்தான்!

அயோடின் குறைந்தாலும் தைராய்டு கெடும், கூடினாலும் கெடும். 1960-களில் ஜப்பானின் ஹொக்கைடோ கடலோரத்தில், கொம்பு அதிகம் சாப்பிட்ட மக்களிடம் கழுத்துக் கழலை இருந்தது பதிவானது. 2009-ல் ஆஸ்திரேலியாவில் கொம்பு சேர்த்த ஒரு சோயா பாலைக் குடித்தவர்களுக்கு தைராய்டு பாதிப்பு வர, அந்தப் பால் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. மருந்தென்று குடிக்கவில்லை, வெறும் பாலாகத்தான் குடித்தார்கள்.

யாரெல்லாம் தவிர்க்கணும்?

* தைராய்டு பிரச்னை உள்ளவர்கள், அதற்கு மாத்திரை எடுப்பவர்கள்
* கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள்: தாயிடம் சேரும் அதிகப்படி அயோடின் குழந்தையின் தைராய்டையும் பாதிக்கலாம்
* சிறுநீரக நோயாளிகள்: பாசியில் பொட்டாசியமும் அதிகம்
* ரத்த அழுத்தம் உள்ளவர்கள்: கொம்பு டீ பொடியில் உப்பு கணிசமாக இருக்கும்

முக்கியமான விஷயம்: டீ குடிக்கிறோமே என்று தைராய்டு மாத்திரையை நிறுத்தாதீங்க. இந்தியாவில் தைராய்டு சுரப்பு குறைவுக்குப் பெரும்பாலும் நம் உடலின் எதிர்ப்பு சக்தியே அந்தச் சுரப்பியைத் தாக்குவதுதான் காரணம். அதை அயோடின் சரி செய்யாது, மோசமாக்கலாம்.

அப்போ கடல்பாசியே வேண்டாமா?

அப்படி இல்லை. நல்ல உணவுதான். நார்ச்சத்து உண்டு, கலோரி குறைவு. கொரியாவில் பிரசவமான பெண்ணுக்குக் கடல்பாசி சூப் கொடுப்பது இன்றும் வழக்கம். நம்ம வீட்டு அகர் அகரையும் தாராளமாகச் சாப்பிடலாம். அது நன்றாகக் கரைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பொடியை அப்படியே விழுங்கினால் தண்ணீரை உறிஞ்சி உப்பி, தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும்.

வாங்கும்போது பாக்கெட்டில் எந்த வகைப் பாசி, ஒரு கப்பில் எவ்வளவு அயோடின் என்று போட்டிருக்கிறதா பாருங்க. போடவில்லை என்றால் வாங்காதீங்க. 'ஹிஜிகி' என்ற கறுப்புப் பாசி என்றால் தொடவே வேண்டாம். அதில் ஆர்சனிக் நச்சு அதிகம் என்பதால், சாப்பிட வேண்டாம் என்று 2004-லேயே பிரிட்டன் உணவுத் தர அமைப்பு எச்சரித்தது.

ஏற்கெனவே சில வாரங்களாகக் குடித்து வருகிறீர்களா? படபடப்பு, அதிக சோர்வு, கழுத்தில் வீக்கம், திடீர் எடை மாற்றம் என எது இருந்தாலும் டீயை நிறுத்திவிட்டு, டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை செய்து டாக்டரைப் பாருங்க. டீ குடித்த விஷயத்தையும் மறக்காமல் அவரிடம் சொல்லிடுங்க.